மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், மும்பை கோவண்டிப் பகுதியில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அந்த வீட்டுச் சகோதரி மான்குர்ட் மண்டாலாவில் உள்ள ஒரு பங்கார் கிடங்கில் பிளாஸ்டிக் கழிவுகளைத் தரம் பிரிக்கும் வேலை செய்கிறவர். பத்துக்குப் பத்து அளவுள்ள ஒரே அறை. மூலையில் ஆறு வயது மகள் இழுப்பினால் மூச்சு வாங்கியபடி படுத்திருந்தாள். ஜெபிப்பதற்கு முன் தலையை நிமிர்த்தியவன் திடுக்கிட்டேன். தகரக் கூரையின் கீழே, மழை ஒழுகாதபடி இழுத்துக் கட்டியிருந்த விரிப்பிலிருந்து என் முகமே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது! பக்கத்திலே எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டத் தேதிகள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வேதவசனம்.

என் பார்வை போன இடத்தைக் கண்ட சகோதரி சற்றுக் கூச்சத்தோடு சொன்னார்: "ஐயா, கூட்டம் முடிஞ்சு கழட்டிப்போட்ட பேனர்ல ஒண்ணு எங்க கிடங்குக்கே வந்துச்சு. வசனம் எழுதியிருந்துச்சு, வெட்டிப்போட மனசு வரல. கொண்டுவந்து கட்டிட்டோம். நல்லாத் தாங்குது ஐயா, ஒரு சொட்டு ஒழுகல."

நான் ஜெபித்தேன், ஆனால் மனம் ஜெபத்தில் நிற்கவில்லை. மூன்று நாள் கூட்டத்துக்கு ஒன்பது பேனர்கள் அடித்திருந்தோம். நாலாம் நாள் அவை எங்கே போயின என்று நானோ எங்கள் மூப்பர்களோ ஒருவரையொருவர் கேட்டதில்லை. அந்த ஃபிளெக்ஸ் துணியன்று, பி.வி.சி. பூசிய பிளாஸ்டிக். மற்றப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்க இயலாது. எரித்தாலோ அமிலப் புகையும் டையாக்சின் என்னும் நச்சும் வெளிப்படும். ஆகவே அதற்கு இரண்டு முடிவுகளே உண்டு. ஒன்று, ஏழையின் கூரை. மற்றொன்று, குப்பைமேட்டின் நெருப்பு. அந்தச் சிறுமியின் இழுப்புக்கு எது காரணமென்று நான் அறியேன். ஆனால் அவள் சுவாசிக்கிற காற்றில் நாங்கள் எறிந்ததும் கலந்திருக்கிறது என்பதை அன்றைக்கு முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

அன்பானவர்களே, நாம் கடையில் ஒரு பொருளை எடுக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் சீட்டு ஒரு விலையைச் சொல்கிறது. அந்தச் சீட்டில் எழுதப்படாத மீதி விலையை யாரோ ஒருவர், எங்கேயோ, கொடுத்துத் தீர்க்கிறார். அந்த மீதியைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

எறிந்தது எங்கே போகிறது?

மும்பை மாநகரம் நாளொன்றுக்கு 6,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையை வெளியேற்றுகிறது. 1927-ஆம் ஆண்டு தொடங்கி இந்நகரத்தின் குப்பை தேவ்நாரிலே கொட்டப்பட்டு வந்திருக்கிறது. முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் இன்று பல மாடிக் கட்டடங்களின் உயரத்துக்குக் குப்பை மலைகளாக நிற்கிறது. பிற்பாடு பெரும்பகுதிக் குப்பை காஞ்சூர்மார்க்குக்குத் திருப்பப்பட்டாலும், பழைய மலை அப்படியே இருந்தது.

அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும். உலர்ந்த பிளாஸ்டிக்கும் அதனோடு சேர்ந்தால் அணைப்பது அரிது. 2016-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் தேவ்நார் பற்றி எரிந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நாட்கணக்கில் புகை சூழ்ந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் மூடப்பட்டன. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில்கூட அப்புகை தெரிந்தது. வசதியுள்ள பகுதிகளில் வாழ்வோர் சன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். சாத்துவதற்குச் சன்னலே இல்லாத வீடுகள் அந்த மலையின் அடிவாரத்தில் இருந்தன.

தேவ்நார் அமைந்துள்ள எம்-கிழக்கு வார்டைக் குறித்து 2009-ஆம் ஆண்டு வெளியான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை ஒரு கொடிய உண்மையைச் சொன்னது. அவ்வார்டில் மரித்தவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 39. ஒரே நகரம், ஒரே மாநகராட்சி; ஆனால் எறிகிறவர்களின் ஆயுசு வேறு, எறிந்ததின் நடுவே வாழ்கிறவர்களின் ஆயுசு வேறு.

இது மும்பையின் கதை மாத்திரமல்ல. டில்லியில் காசிப்பூர் குப்பைமேடு 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி சரிந்து விழுந்து இருவர் மாண்டார்கள். பெங்களூரில் சாக்கடையும் சலவைத்தூள் நுரையும் நிறைந்த பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பிடித்தது. தண்ணீர் நிற்க வேண்டிய ஏரியில் நெருப்பு! 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளம் வடிய வேண்டிய சாக்கடைகளைப் பிளாஸ்டிக் பைகள் அடைத்திருந்தன. மழை வானத்திலிருந்து வந்தது. அடைப்போ நம் கையிலிருந்து போனது.

இந்தக் குப்பை முழுவதும் மலையாகிவிடாதபடி தடுக்கிறவர்கள் யார்? பங்கார் பொறுக்குகிறவர்களும் தரம் பிரிக்கிறவர்களுமே. தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் வகை வகையாகப் பிரிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, கழுவப்பட்டு, உருக்கப்பட்டு மறுபடியும் மூலப்பொருளாகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு நம் முன்னோர் வந்து சேர்ந்த அதே தாராவிதான் அது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து, நகர நிர்வாகங்கள் அவர்களைத் தங்கள் ஏற்பாட்டில் இணைத்துக்கொள்ள வேண்டுமென்று கூறின. ஆயினும் எங்கள் சகோதரிக்குக் கையுறை வாங்கிக்கொடுக்க அவருடைய கிடங்கில் ஆளில்லை. அவருடைய உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த வடுக்களை நான் எண்ணினேன், ஏழு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் வீடுகளுக்காகத் தேவ்நார் குப்பை நிலத்தில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தில் கிடக்கும் 185 இலட்சம் டன் பழைய குப்பையை அகற்றுவதற்கு மாநகராட்சி 2025-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி கோரியது. நகரத்தின் குப்பையைச் சுத்தம்பண்ணி வாழ்ந்த ஜனங்களில் ஒரு பகுதியினருக்கு, கடைசியில் குப்பை கொட்டிய நிலமே குடியிருப்பாக நியமிக்கப்படுகிறது. இதை வாசிக்கிற தாராவி வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வாங்கியது எங்கிருந்து வருகிறது?

குப்பைமேடு கதையின் முடிவு. தொடக்கத்தையும் சற்றே பார்ப்போம்.

பண்டிகைக் காலத்தில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு சட்டை கிடைக்கிறது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவித்துத் துணியாக்கச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குழாயடியில் இரண்டு குடத்துக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்கிற நம் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கின் பாரம் நன்றாய்த் தெரியும். அவ்வளவு தண்ணீரும், உழவனின் பாடும், நெசவும், சாயமும், தையலும், கப்பலும், கடை வாடகையும் முந்நூறு ரூபாய்க்குள் எப்படி அடங்குகின்றன? யாரோ ஒருவருடைய பங்கு குறைக்கப்பட்டதினாலேயே அடங்குகின்றன.

அந்த "யாரோ" எவரென்று உலகம் கண்கூடாகக் கண்ட நாள் ஒன்று உண்டு. வங்காளதேசத்தின் தலைநகர் டாக்காவுக்கு அருகே சவார் என்னுமிடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதிலிருந்த தையற்சாலைகளில் மேல்நாட்டுக் கடைகளுக்கு உடைகள் தைக்கப்பட்டன. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று அதன் சுவர்களில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையற்சாலைத் தொழிலாளர்களோ மறுநாளும் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயம் அவர்களை மாடியேற்றியது. ஏப்ரல் 24 காலையில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய 2,500 பேர் காயமடைந்தார்கள். அந்நாட்களில் அங்கே தையற்தொழிலாளிக்குரிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா. அன்றைய மதிப்பில் அது நாற்பது அமெரிக்க டாலருக்கும் குறைவு.

வங்கியில் வேலை செய்தவர் தப்பினார், அவர் விடுப்பெடுக்கலாம். தையற்காரி மாண்டாள், அவள் விடுப்பெடுக்க இயலாது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைக் குறித்து அப்போஸ்தலனாகிய யாக்கோபு எவ்வளவு கண்டிப்பாய் எழுதினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது நான் எப்பொழுதும் பெரிய முதலாளிகளையே மனதில் வைத்துப் பிரசங்கித்தேன். பிடித்துவைத்த கூலியில் ஒரு பங்கு தள்ளுபடி என்ற பேரில் என் பைக்கும் வந்து சேர்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் தேசத்திலும் இது அந்நியமான காரியமல்ல. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெங்களூரின் தையற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து சாலைகளை மறித்தார்கள். வருங்கால வைப்புநிதியில் தங்கள் பணத்தை எடுக்கவொட்டாமல் கட்டுப்படுத்திய புதிய விதிக்கு விரோதமாகவே அவர்கள் எழும்பினார்கள். மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் சொற்பச் சேமிப்பே அவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு, தாயின் மருந்து, ஊரில் அடமானம் கிடக்கும் நிலம்.

நம் கையிலிருக்கும் தொலைபேசியும் அப்படியே. அதன் மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட் என்னும் உலோகத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கைக்கருவிகளால் சுரங்கம் தோண்டும் இடங்களில் சிறுபிள்ளைகளும் வேலை செய்கிறதை 2016-ஆம் ஆண்டு ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் நிறுவனத்தின் அறிக்கை வெளிப்படுத்தியது. தொடக்கத்தில் ஒரு பிள்ளை. முடிவிலே டில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் பழைய மின்பலகைகளை அமிலத்தில் தோய்த்து, கம்பிகளைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவர்கள். அந்தப் புகையிலும் தூசியிலும் கலந்திருக்கும் ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடியது. இரண்டுக்கும் நடுவில், இரண்டு அல்லது மூன்று வருஷம் மாத்திரம், அந்தத் தொலைபேசி நம்முடையது. 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டானது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே.

ஏன் இவ்வளவு வாங்குகிறோம்?

நமக்கு ஆசை அதிகம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆசை தானாக முளைப்பது மாத்திரமல்ல. அது விதைக்கவும் படுகிறது.

1924-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உலகின் முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. அக்காலத்தில் 1,500 மணி நேரத்துக்கும் மேலாக எரியக்கூடிய விளக்குகள் இருந்தன. அவர்கள் எல்லாரும் கூடி அந்த ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்கத் தீர்மானித்தார்கள். அதிக நேரம் எரியும் விளக்கைச் செய்த நிறுவனத்துக்கு அபராதம்! பொருள் கெட்டால்தான் அடுத்தது விற்கும் என்பதே கணக்கு. இரண்டாம் உலக யுத்தத்தோடு அந்தக் கூட்டமைப்பு கலைந்தது. அந்த எண்ணமோ கலையவில்லை. திறக்க முடியாதபடி ஒட்டிய மூடி, கடையில் கிடைக்காத உதிரிபாகம், "இதைச் சரிபார்ப்பதைவிடப் புதிதாய் வாங்குவது லாபம்" என்கிற பழுதுபார்க்கும் மையம் ஆகியவற்றில் அதை நீங்கள் இன்றும் சந்திக்கலாம்.

1970-ஆம் ஆண்டில் உலகம் பூமியிலிருந்து எடுத்த மூலப்பொருள் ஏறக்குறைய 3,000 கோடி டன். ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி இப்பொழுது அது 10,000 கோடி டன்னையும் கடந்துவிட்டது. அதிலும் செல்வந்த நாடுகளின் மனிதன் ஒருவன், ஏழை நாடுகளின் மனிதனைப்போல ஆறு மடங்கு பொருளை உபயோகிக்கிறான். வனாந்தரத்தில் தேவைக்கு மிஞ்சிச் சேர்த்து வைத்த மன்னா மறுநாள் புழுத்து நாறியதை ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நம்முடைய மிச்சமும் நாறத்தான் செய்கிறது. நாம் அதை வேறொருவர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டதினால் நமக்கு நாற்றம் தெரிவதில்லை.

இனி, நான் வெட்கத்தோடு எழுத வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

நான் கைதட்டச் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் முப்பது வயதுள்ள ஒரு சகோதரன் உண்டு. வீடு வீடாகப் பொட்டலங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. மனைவி வீட்டிலே தையல் இயந்திரம் வைத்து இரவிக்கை தைத்துக் கொடுப்பார். ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரத்தில் அவர் எழுந்து நின்று, கர்த்தர் தங்கள் வீட்டுக்கு ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சியைக் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார். நான் சபையைப் பார்த்து, "கரங்களைத் தட்டி ஆண்டவரை மகிமைப்படுத்துங்கள்" என்றேன். சபை தட்டியது.

எட்டு மாதம் கழித்து அவர் ஆராதனைக்கு வருவது நின்றது. பின்பு ஒரு நாள் எனக்கே ஒரு தொலைபேசி வந்தது. அறியாத குரல். அவருடைய பேரைச் சொல்லி, "உங்க ஆளு கடன் கட்டல, நீங்க சொல்லிக் கட்ட வைங்க" என்று இந்தியில் மிரட்டியது. அவருடைய தொலைபேசியிலிருந்த எண்கள் அனைத்துக்கும் அப்படியே அழைத்திருக்கிறார்கள். வெட்கத்தினால் அவர் சபைக்கு முகம் காட்டவில்லை.

வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சிக்கு ஒரு தவணை. தொலைபேசிக்கு ஒரு தவணை. அவ்விரண்டையும் கட்ட முடியாமல் செயலி வழியாக வாங்கிய உடனடிக் கடன் மூன்றாவது. அவருடைய மனைவி அழவில்லை. அமைதியாகச் சொன்னார்: "ஐயா, நீங்க கைதட்டச் சொன்ன டிவி இங்கதான் இருக்கு. என் தையல் மிஷின்தான் இல்ல. போன மாசத் தவணைக்கு வித்துட்டோம்."

பிரியமானவர்களே, முப்பது வருஷ ஊழியத்தில் எனக்குக் கிடைத்த கடினமான கடிந்துகொள்ளுதல் அது. சம்பாதித்துக் கொடுத்த பொருள் போயிற்று. சும்மா நிற்கிற பொருள் நின்றது. அந்த வீட்டுக்குத் தையல் இயந்திரம் வந்த நாளில் நான் கைதட்டச் சொல்லவில்லை. அதை யாரும் சாட்சியாகச் சொல்லவுமில்லை. அது பழையது, கடையில் பேரம் பேசி வாங்கியது. பெரிய பொருளை ஆசீர்வாதத்தின் அளவுகோலாக்கினது சந்தை மாத்திரமல்ல. பிரசங்க பீடத்திலிருந்து நானும் ஆக்கினேன். அதற்காக அந்தக் குடும்பத்தினிடத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

தவணையின் கணக்கை உங்களுக்குத் தெளிவாகச் சொல்லுகிறேன். "வட்டியில்லாத் தவணை" என்று விளம்பரம் சொல்கிறது. வங்கிகள் அப்படி வட்டியில்லாத் திட்டங்கள் நடத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆகவே ரொக்கமாக வாங்குகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமற் போவதும், நடைமுறைக் கட்டணம் என்று தனியே பிடிப்பதும் வட்டியின் மறுபெயர்களே. கடன் அட்டையில் நிலுவை வைத்தால் மாதத்துக்கு மூன்றரை சதவீதம்வரை வட்டி போடுகிறவர்கள் உண்டு. 20,000 ரூபாய் நிலுவைக்கு அது மாதம் 700 ரூபாய். நீங்கள் குறைந்தபட்சத் தொகையாக 1,000 ரூபாய் கட்டினால் கடனில் குறைவது 300 ரூபாய் மாத்திரமே. அதுவும் வரி சேர்க்காத கணக்கு.

அப்படியானால் வாங்குவதே தவறா?

இல்லை. ஊரில் நிலமின்றி, வேலையின்றி, சாதியினிமித்தம் தலைகுனிந்து, பின்பு நகரத்துக்கு வந்து வியர்வை சிந்தி முதல் மின்விசிறியை வாங்கின குடும்பத்தை நான் கடிந்துகொள்ள மாட்டேன். சலவை இயந்திரம் எத்தனையோ சகோதரிகளின் முதுகைக் காப்பாற்றியிருக்கிறது. தொலைபேசியினாலே ஊரிலிருக்கும் தாயின் முகத்தைத் தினந்தோறும் காண்கிறோம். மேலும், நம் வாலிபரில் அநேகர் அங்காடிகளிலும் கிடங்குகளிலும் பொட்டல விநியோகத்திலுமே பிழைக்கிறார்கள். விற்பனை நின்றால் அவர்கள் அடுப்பும் நிற்கும் என்பதை மறந்து எழுதுகிறவன் நானல்ல.

அன்றியும், இந்தப் பாரம் முழுவதையும் வாங்குகிறவன் தலையிலே சுமத்துவதும் நியாயமன்று. விளக்கின் ஆயுளைக் குறைத்தவன் விளக்கு வாங்கினவன் அல்ல. விரிசல் விட்ட கட்டடத்துக்குள் ஜனங்களை அனுப்பினவன் சட்டை வாங்கினவன் அல்ல. தயாரிக்கிறவர்களே தங்கள் மின்னணுக் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டுமென்று நம் தேசத்தின் விதிகள் சொல்கின்றன. புதிய விதிகள் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ஒரு குழுவையும் இணையதளத்தையும் ஏற்படுத்தியது. விதி ஏட்டிலே இருந்தால் போதாது. கேட்கிற குரல் வேண்டும். விதவையின் வழக்கைத் தீர்க்கும்படி அவள் ஓயாமல் வந்து கேட்டதினாலல்லவா அந்த நியாயாதிபதி எழுந்தான்?

ஆயினும் நம் கைக்கு எட்டியது நம் பொறுப்பே. எங்கள் சபையில் நாங்கள் எடுத்த சில தீர்மானங்களை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

1. கன்வென்ஷன் கூட்டத்துக்கு ஃபிளெக்ஸ் இல்லை. இரண்டே துணிப் பதாகைகள். தேதியை மாத்திரம் மாற்றி எழுதிக்கொள்ளலாம். போதகரின் படம் தேவையில்லை. ஜனங்கள் என்னை ஏற்கெனவே அறிவார்கள்.

2. அன்பின் விருந்துக்குத் தெர்மோகோல் தட்டுகளை நிறுத்தி, எவர்சில்வர் தட்டுகள் நூற்றைம்பது வாங்கினோம். கழுவும் வேலை பெண்களுக்கு மாத்திரம் என்று வைக்காமல், வாலிபர் முறைவைத்துக் கழுவுகிறார்கள்.

3. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆராதனைக் கூடத்திலே பழுதுபார்க்கும் நாள். மின்வேலை தெரிந்த இரண்டு சகோதரரும் தையல் தெரிந்த சகோதரிகளும் உட்காருகிறார்கள். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, பள்ளிப்பை, குடை எல்லாம் மறுவாழ்வு பெறுகின்றன.

4. ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் வீட்டிலேயே பிரிக்கிறோம். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தாளில் சுற்றி அடையாளமிட்டு வைக்கிறோம். அதைப் பிரிக்கப்போவது ஒரு சகோதரியின் கை.

5. ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பொருளையும், அவசரத் தேவையாயிருந்தாலொழிய, ஒரு மாதம் காத்திருந்து, கணவனும் மனைவியும் கலந்து பேசி, கூடுமானவரை ரொக்கத்தில் வாங்குவது.

6. கடனில் சிக்கினவரைக் குறித்துச் சபையில் புறங்கூறாமல், மூப்பர் இருவர் அவரோடு உட்கார்ந்து ஒரு நோட்டிலே எல்லாக் கடனையும் எழுதி, எதை முதலில் அடைப்பது என்று வழிகாட்டுவது.

இவற்றால் தேவ்நார் மலை கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாநகரத்தின் குப்பைக்கு எங்கள் நூற்றைம்பது தட்டுகள் எம்மாத்திரம்? ஆனால் நம் வீட்டுக் கணக்கிலும் சபைக் கணக்கிலும் உண்மையில்லாமல், கம்பெனிகளிடமும் அதிகாரிகளிடமும் உண்மையைக் கேட்க நமக்கு வாய் எழும்பாது.

அந்தச் சகோதரனுடைய காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தொலைக்காட்சி வாங்கின விலையில் மூன்றிலொரு பங்குக்கு விற்றது. அந்தப் பணத்தில் முதலாவது பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். அதன் வருமானத்தைக் கொண்டு கடனை அடைத்துவருகிறார்கள். இன்னும் முடியவில்லை. ஒன்றேகால் வருஷம் ஆகுமென்று நோட்டுக் கணக்கு சொல்கிறது. ஆனால் அவர் ஆராதனைக்கு வருகிறார். சென்ற மாதம் சாட்சி நேரத்தில் அவருடைய மனைவி எழுந்து, மூன்று கடன்களில் ஒன்று தீர்ந்தது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தார். நான் ஒன்றும் சொல்லாதிருக்கும்போதே சபை கைதட்டியது.

கோவண்டி வீட்டுக்கு இந்த மழைக்காலத்துக்கு முன்பு மறுபடியும் போயிருந்தேன். சபையார் சேர்ந்து அந்தக் கூரைக்கு நல்ல தகடு போட்டுக்கொடுத்தோம். பழைய பேனரைக் கழற்றிய சகோதரி அதை எறியவில்லை. நான்காக மடித்துப் பரண்மேல் வைத்தார். "எதுக்கும் இருக்கட்டும் ஐயா, எப்பவாவது உதவும்" என்றார்.

உங்கள் வீட்டில் இந்த வாரம் எது எறியப்படும்? அது யாருடைய கைக்குப் போய்ச் சேரும்? அடுத்த பொருளை வாங்குவதற்கு முன்பு இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் பிள்ளைகளோடு குடும்ப ஜெப வேளையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கர்த்தர் தாமே நமக்குத் தெளிந்த கண்களைத் தருவாராக. ஆமென்.